குற்றால மரக்காளான்களுக்குப் பெயர் வந்த கதை

குற்றால மலைக்காட்டில் விழுந்து கிடக்கும் மரங்களிலும் சுரண்டை வட்டாரத்துத் தென்னந்தோப்புகளிலும் வளரும் காளான்களை இன்ன இனம் என்று அடையாளம் கண்டு பெயர் சூட்டிய வேலை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இந்த மண்ணை விட்டு வெகு தொலைவில்தான் நடந்தது. ஸ்வீடன், லண்டன், பாரிஸ், பேராதனை, சிங்கப்பூர், டேராடூன் என்று அந்த இடங்களின் பட்டியல் நீளும். காளான் முளைத்தது இங்கே, பெயர் பிறந்தது அங்கே. நடுவில் அது காய்ந்து நிறம் இழந்தது. எந்த மரத்தில் இருந்தது என்ற குறிப்பும் பல நேரம் தொலைந்து போனது. வெப்பமண்டல மரக்காளான்களை இனங்காண்பதில் இன்றும் தீராத குழப்பங்களில் பெரும்பகுதி அந்தப் பயணத்தில் உண்டானவை.

சுரண்டை, தென்காசிக்கு வடகிழக்கே சமவெளியில் உள்ள ஊர். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கே மலை நெருங்கியிருந்தாலும் மழை விஷயத்தில் இரண்டும் வேறு உலகம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தில் சாரலாக இறங்கும். கிழக்கே போகப் போக அது வெறும் காற்றாகிவிடும். சமவெளிக் குளங்கள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். ஆகவே செண்பகாதேவி அருவிக்குப் போகும் வழியில் மரக்காளான் தழைத்திருக்கும் மாதங்களில் சுரண்டைப் பக்கத்து உடைமரமும் பனையும் காய்ந்து நிற்கும். வடகிழக்குப் பருவத்தில்தான் இவற்றின் முறை வரும்.

கண்ணுக்குத் தெரியும் காளான் அந்த உயிரின் கனி மட்டுமே. உடல் மரத்துக்குள் நூலிழைகளாகப் பரவியிருக்கும். அது மரத்தைச் செரிக்கும் விதம் இரண்டு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் சேர்த்துக் கரைப்பவை வெண்சிதைவுப் பூஞ்சைகள். இவை தின்ற மரம் வெளுத்து, நாராகப் பிரியும். லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் செல்லுலோஸை மட்டும் எடுத்துக்கொள்பவை பழுப்புச் சிதைவுப் பூஞ்சைகள். இவை தின்ற மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். வெப்பமண்டல அகன்ற இலைக் காடுகளில் முதல் வகையே மிகுதி.

இந்த வேறுபாட்டை ஆசாரிகள் பெயர் சொல்லாமலே அறிந்திருந்தனர். வைரம் பாய்ந்த மரம் எது, வெளிறு எது, தட்டினால் பொத்தென்று கேட்கும் உளுத்த மரம் எது என்பது தொழிலின் முதல் பாடம். ஆனால் அந்த அறிவு மரத்தைப் பற்றியது. மரத்தைத் தின்றதைப் பற்றியதல்ல. தின்பதற்கு உதவும் புற்றுக்காளானைப் பிரித்தறிந்த அளவுக்கு, தின்ன உதவாத கட்டைக் காளான்களைப் பிரித்தறிய யாருக்கும் தேவை இருக்கவில்லை. பழைய இலக்கியத்திலும் காளான் பெரும்பாலும் வறுமையின் அடையாளமாகவே வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் பாழடைந்த அடுக்களையைக் காட்டும் நத்தத்தனார், கறையான் அரித்த பழஞ்சுவரையும் அங்கே பூத்த காளானையும் சேர்த்தே வைக்கிறார். கறையானும் காளானும் ஒரே இடத்தில் என்பது, கவிதையைத் தாண்டி, சரியான இயற்கைக் கவனிப்பும்கூட.

இனம் பிரித்து எழுதும் முறை தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டது தரங்கம்பாடியில். லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் டேனிஷ் மிஷனின் மருத்துவராக அங்கே வந்தார். செடிகளோடு ஒரு காளானையும் அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லின்னேயஸ் 1771இல் அதற்கு லைக்கோபெர்டான் பிஸ்டில்லாரே என்று பெயரிட்டார். இன்று அது போடாக்ஸிஸ் பிஸ்டில்லாரிஸ். வறண்ட நிலத்திலும் கறையான் புற்றிலும் எழும் இது மரக்காளான் அல்ல. எனினும் இந்தியக் காளான் ஒன்று கடல் கடந்து லத்தீன் பெயர் பெற்ற மிகப் பழைய நிகழ்வுகளில் ஒன்று என்ற வகையில் இதை விட்டுவிட முடியாது. அதே லின்னேயஸ் 1763இல் தென்னமெரிக்காவின் சூரினாமிலிருந்து வந்த ஒரு செந்நிறக் கட்டைக் காளானுக்கு போலீட்டஸ் சாங்குவினியஸ் என்று பெயர் வைத்திருந்தார். காய்ந்த கட்டைகளில் ரத்தச் சிவப்பாக ஒட்டியிருக்கும் அதன் உறவினம் தென்னிந்தியாவெங்கும் உண்டு. நெடுங்காலம் சூரினாம் பெயரே இங்கேயும் வழங்கியது. ஓரிடத்து மாதிரிக்கு வைத்த பெயரை உலகின் மறுகோடிக் காளானுக்கும் ஒட்டும் பழக்கத்தின் தொடக்கம் இது.

குற்றாலம் தாவரவியலாளர்களின் கண்ணில் பட்டது கம்பெனி ஆட்சியில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தது. மசாலாத் தோட்டம் போடத் தகுந்த ஈரம் உள்ள இடம் என்ற பெயரே ராபர்ட் வைட் போன்றவர்களை இழுத்து வந்தது. பாளையங்கோட்டையில் படை மருத்துவராக இருந்த வைட், 1830களின் நடுவில் குற்றால மலைகளில் செடி சேகரித்து, அதுபற்றி மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயன்ஸ் இதழில் எழுதினார். பின்னர் அவர் வெளியிட்ட பெருந்தொகுப்பான ஐகோன்ஸ், 1838 முதல் 1853 வரை 2,101 படங்களைக் கண்டது. ரங்கய்யா, கோவிந்து என்ற இரு உள்ளூர் ஓவியர்களின் கைவண்ணம் அதில் முக்கியமானது.

அந்தத் தொகுப்பு பூக்கும் செடிகளின் உலகம். காளானுக்கு அதில் இடமில்லை. இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. செடியைக் காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்தினால் இலையின் அமைப்பும் பூவின் உறுப்புகளும் ஓரளவு நிலைக்கும். சதைப்பற்றுள்ள காளானை அழுத்தினால் கூழ்தான் மிஞ்சும். சாரல் காலத்தில் அதை உலர்த்தவும் வெயில் கிடைக்காது. இரண்டு நாளில் புழு வைத்துவிடும். தோல்போலவும் கட்டைபோலவும் தடித்த மரக்காளான்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை காய்ந்தாலும் வடிவம் மாறாதவை, கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் தாங்குபவை. ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வெப்பமண்டலத்திலிருந்து போய்ச் சேர்ந்த காளான்களில் கட்டைக் காளான்களே மிகுந்திருந்ததற்கு அவற்றின் இந்த உறுதியும் காரணம்.

தென்னிந்திய மலைக் காளான்களுக்கு முதலில் ஓரளவு முறையான கவனிப்பு கிடைத்தது நீலகிரியில். புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புடைய பெரோத்தே அங்கே சேகரித்த பாசி, லைக்கன், காளான் வகைகளை பாரிஸில் இருந்த மொந்தாஞ் 1842இல் பட்டியலிட்டு வெளியிட்டார். வடக்கே வாலிக் சேர்த்தவற்றை க்ளோட்ஷ் 1832–33இல் விவரித்திருந்தார். ஜோசப் ஹூக்கரின் சிக்கிம், காசி மலைச் சேகரிப்புகள் 1850களில் இங்கிலாந்தின் கிராமத்துப் பாதிரியார் பெர்க்கிலியிடம் போயின. டார்வினின் பீகிள் பயணக் காளான்களைப் பார்த்தவரும் இவரே. பெயர் வைத்த இவர்களில் யாரும், சேகரித்தவர்களைப் போல, வெப்பமண்டலக் காட்டில் அந்தக் காளான்கள் உயிரோடு நிற்பதைக் கண்டவர்கள் அல்லர். இந்தியக் காளான்களைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிய எம். சி. குக், லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தின் ஊழியர், இந்தியாவுக்கு வந்தவரல்லர்.

இவர்கள் கையாண்ட வகைப்பாடு ஸ்வீடன்காரரான எலியாஸ் ஃப்ரீஸ் வகுத்தது. 1821 முதல் 1832 வரை வந்த சிஸ்டெமா மைக்கோலாஜிக்கம் என்ற அவருடைய நூல், காளானின் அடிப்புறத்தைப் பார்த்துப் பிரித்தது: மடிப்பு இருந்தால் ஓர் இனம், துளை இருந்தால் வேறு, முள் இருந்தால் மற்றொன்று. வட ஐரோப்பியக் காடுகளில் இந்த முறை நன்றாகவே உதவியது. வெப்பமண்டலத்தில் சறுக்கியது. இங்கே ஒரே காளான் மேடான இடத்தில் துளையோடும், சரிவில் மடிப்பாகவும், வயதானபின் பல்லாகவும் நிற்கும். கட்டையின் அடியில் முளைத்தால் தட்டையாகப் படரும், பக்கத்தில் முளைத்தால் அலமாரித் தட்டாக நீளும். துண்டு துண்டாக வந்த மாதிரிகளைப் பார்த்தவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்ததில் வியப்பில்லை.

இந்தக் குழப்பம் மிகத் தெளிவாகப் பதிவானது பக்கத்து இலங்கையில்தான். குற்றால மலையின் ஈரக்காட்டுக்கும் இலங்கையின் தென்மேற்குக் காட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதால் அந்த வரலாறு இங்கேயும் பொருந்தும். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக 1849 முதல் 1880 வரை இருந்த த்வைட்ஸ், காளான்களைப் பெருமளவில் சேகரித்து எண்ணிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார். தோட்டத்தின் ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தார் புதிய காளான்களை வண்ணத்தில் வரைந்தனர். பெர்க்கிலியும் அவருடைய நண்பர் ப்ரூமும் 1870களில் இலங்கைக் காளான்களின் பட்டியலை வெளியிட்டனர். பல நூறு புதுப் பெயர்கள் அதில் பிறந்தன.

1905இல் தாமஸ் பெட்ச் பேராதனையின் பூஞ்சையியலாளராக வந்தார். முன்னோர் பெயர் வைத்த காளான்கள் அவர் வீட்டு வாசலிலேயே முளைத்தன. ஆனால் அச்சில் இருந்த விவரணைகளோடு அவை ஒத்துவரவில்லை. பெட்ச் செய்தது எளிய, ஆனால் ஆண்டுக்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை. த்வைட்ஸின் எண்ணிட்ட மாதிரிகளில் பேராதனையில் எஞ்சியிருந்தவற்றையும், டி அல்விஸ் ஓவியங்களையும், காட்டிலிருந்து அன்றன்று வந்த காளானையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். 1907 முதல் தோட்டத்தின் ஆண்டிதழில் இலங்கைக் காளான்களின் மறுஆய்வு என்ற தலைப்பில் வந்த அவருடைய கட்டுரைகள், ஒரே இனத்துக்குப் பல பெயர்கள் வந்ததையும், வெவ்வேறு இனங்கள் ஒரே பெயரில் ஒடுங்கியதையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டின. அவர் மறைவுக்குப் பின், பூஞ்சையியலாளர் பிஸ்பியின் முயற்சியில் 1950இல் இலங்கைக் காளான்கள் என்ற நூல் வெளியானது. பின்னர் 1986இல் கியூ தாவரவியல் தோட்டத்தின் பெக்லர் இலங்கைக் குடைக்காளான்களை எழுதியபோதும் அந்தப் பழைய வண்ணப் படங்கள் கைகொடுத்தன. உலர்ந்த மாதிரி மறந்துவிட்ட நிறத்தை ஓவியன் நினைவில் வைத்திருந்தான். லத்தீன் பெயர்களில் பெர்க்கிலியும் ப்ரூமும் நிலைத்த அளவுக்கு அந்தச் சிங்கள ஓவியர்களின் பெயர் நிலைக்கவில்லை என்பது நியாயமல்ல.

பெட்சின் வேலைக்குச் சம்பளம் கிடைத்தது காளான் மீதான அன்பினால் அல்ல. ரப்பரையும் தேயிலையையும் வேரழுகல் தாக்கியதால். இந்தியாவிலும் காரணம் இதுவே. ஐரிஷ்காரரான எட்வின் ஜான் பட்லர் 1901இல் இந்திய அரசின் பூஞ்சையியல் பணிக்கு வந்து, 1905இல் பீகாரின் பூசாவில் புதிய வேளாண் ஆய்வு நிறுவனத்தின் இம்பீரியல் மைக்காலஜிஸ்ட் ஆனார். மைசூர்ப் பக்கத்துக் கமுகுத் தோட்டங்களை அழித்த அணபெ ரோகம், ஒரு கானோடெர்மா மரக்காளானால் வருவது என்று 1906இல் பதிவு செய்தவர் அவர். கன்னட விவசாயிகள் நோய்க்கே காளான் என்று பெயர் வைத்திருந்தார்கள், அதாவது பட்லர் வரும் முன்பே காரணத்தைச் சரியாகச் சொல்லியிருந்தார்கள். பட்லர் பூசாவில் தொடங்கிய உலர் தொகுப்பு, 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் நிறுவனத்தோடு டெல்லிக்குப் பெயர்ந்தது. இந்தியாவின் மிகப் பெரிய காளான் ஹெர்பேரியங்களில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது. பட்லரும் பிஸ்பியும் 1931இல் வெளியிட்ட இந்தியப் பூஞ்சைகளின் பட்டியல், அதுவரை எங்கெங்கோ சிதறிக்கிடந்த பெயர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்தது.

மரக்காளான்களையே தம் துறையாகக் கொண்ட முதல் இந்தியர்களில் முக்கியமானவர் சகாய் ராம் போஸ். கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி ஆசிரியரான அவர், 1918 முதல் வங்காளத்தின் துளைக்காளான்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டார். தெற்கில் கோயம்புத்தூரில் இருந்த சென்னை மாகாணப் பூஞ்சையியலாளர்களின் நேரமெல்லாம் நெல்லுக்கும் பனைக்கும் போனது. குற்றாலக் காடு அவர்கள் பட்டியலில் கடைசியில் இருந்தது. இன்னொரு தடையும் இருந்தது. மலையின் மறுபுறமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தன. ஒரே காட்டின் ஒரு சரிவு சென்னை ஆவணங்களிலும் மறு சரிவு திருவனந்தபுரம் ஆவணங்களிலும் பதிவானது.

இனங்காணும் முறையையே மாற்றியது சிங்கப்பூரில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் 1929இல் பணியில் சேர்ந்த எட்ரெட் ஜான் ஹென்றி கார்னர், மர உச்சியிலிருந்து பூங்கொத்துகளைப் பறிக்கக் குரங்குகளைப் பழக்கியவர் என்று பரவலாக அறியப்பட்டவர். பூஞ்சையியலில் அவர் செய்தது அதைவிடப் பெரியது. 1932இல் ஆனல்ஸ் ஆஃப் பாட்டனி இதழில் அவர் எடுத்துக்கொண்டது பாலிஸ்டிக்டஸ் ஸாந்தோபஸ். இன்று மைக்ரோபோரஸ் ஸாந்தோபஸ் எனப்படும் இது, ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை வெப்பமண்டலக் காடுகளில் விழுந்த சுள்ளிகளில் காணக்கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. சிறிய புனலைப் போல் நடுவில் குழிந்த மெல்லிய தொப்பி. அதில் பழுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாக வரிகள். கீழே மஞ்சள் தண்டு. தண்டின் அடியில் மரத்தோடு ஒட்டிய சிறு வட்டப் பாதம். அடிப்புறத் துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, ஒரு மில்லிமீட்டரில் எட்டு, பத்து கூட இருக்கும். கையில் எடுத்த எவரும் மறக்க முடியாத உருவம்.

கார்னர் உருவத்தை ஒதுக்கிவிட்டுத் திசுவுக்குள் போனார். ஒரு துண்டை ஊசியால் இழை இழையாகப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தக் காளான் மூன்று வகை இழைகளால் கட்டப்பட்டிருப்பது தெரிந்தது. வளரவும் வித்து உண்டாக்கவும் மெல்லிய சுவருள்ள ஆக்க இழைகள். நீண்டு நேராக ஓடி உடலைத் தாங்கும் தடித்த சட்ட இழைகள். கிளைத்து மற்றவற்றைப் பின்னிப் பிணைக்கும் பிணைப்பு இழைகள். ஒரு காளானில் முதல் வகை மட்டும் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். வெளி உருவம் ஈரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும், இழைக்கட்டு அவ்வளவு எளிதில் மாறாது. காய்ந்து நூறாண்டு ஆன மாதிரியிலும் அதைப் பார்க்க முடியும் என்பது இன்னும் பெரிய லாபம். ஐரோப்பாவில் தூசி படிந்து கிடந்த மாதிரிகளை மறுபடியும் பேச வைக்க ஒரு வழி பிறந்தது. நியூசிலாந்தின் கன்னிங்ஹாம் முதலியோர் அதை எடுத்துக்கொண்டனர்; இன்று எந்த நாட்டுத் துளைக்காளான் நூலும் அந்தப் பிரிவு இல்லாமல் எழுதப்படுவதில்லை.

அதே 1932இல் சிங்கப்பூர்த் தோட்ட இதழில் கார்னர் பழுப்பு வேர்ப் பூஞ்சையின் அடையாளத்தையும் தீர்த்து வைத்தார். ரப்பர், தேயிலை, நிழல் மரங்கள் எல்லாவற்றின் வேரிலும் மண்ணையும் கூழாங்கல்லையும் பிடித்து ஒட்டவைத்துப் பழுப்புப் போர்வை போடும் இந்தப் பூஞ்சைக்கு அதுவரை மாறி மாறிப் பல பெயர்கள் வழங்கின. அவற்றில் ஒன்று பிலிப்பைன்ஸின் லாமாவோ என்ற ஊரின் பெயரால் வந்தது. அது வேறு இனம் என்று காட்டி, ஃபோம்ஸ் நாக்ஸியஸ் என்று கார்னர் புதிதாகப் பெயரிட்டார். வயலில் கண்ட வேர், அதிலிருந்து வளர்ந்த கனி, நுண்ணோக்கியில் கண்ட இழை, மூன்றையும் ஒரே ஆள் ஒரே இடத்தில் இணைத்துப் பார்த்ததால்தான் அது முடிந்தது.

தென்காசிப் பகுதியில் மரக்காளானைப் பற்றிய அக்கறை வேறொரு வழியாகவும் வந்தது: மர வியாபாரம். திருநெல்வேலியையும் கொல்லத்தையும் செங்கோட்டை வழியாக இணைத்த ரயில் பாதை 1904இல் முழுமையடைந்தது. மலையின் மேற்குச் சரிவு மரம் கிழக்கே எளிதாக வந்தது. அறுத்த தடியை மழையில் போட்டால் சில வாரங்களில் வெள்ளைச் சிறு விசிறிகள் முளைக்கும். அது ஷைசோஃபில்லம் கம்யூன், அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உள்ள இனம். ரயில்வேக்கோ ஸ்லீப்பர் கட்டை உளுப்பது பெரும் செலவு. 1906இல் நிறுவப்பட்ட டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் மரச் சிதைவு ஆய்வு வேரூன்றியதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். அங்கே சோன்டி காமேசம் 1933இல் உருவாக்கிய ஆஸ்கு என்ற மருந்து, செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளின் கலவை. உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் மரத்தைப் பூஞ்சையிடமிருந்தும் கறையானிடமிருந்தும் காத்தது அதுதான். ஆர்சனிக்கின் நச்சு காரணமாகப் பின்னாளில் வீட்டு மரச்சாமான்களில் அதன் பயன்பாடு பல நாடுகளில் குறைக்கப்பட்டது.

டேராடூனில் பூஞ்சையியலாளர் பாக்சியும் அவருக்குப் பின் பி. கே. பக்ஷியும் இனங்காணும் வேலைக்கு இன்னொரு கருவியைச் சேர்த்தனர். அது செயற்கை வளர்ப்பு. மரத்துக்குள் இழையாக மட்டும் இருக்கும் பூஞ்சை, கனி விடும்வரை காத்திருக்காமல் கண்ணாடித் தட்டில் வளர்ந்து தன்னைக் காட்டும். ஜெர்மனியின் பாவன்டாம் 1928இல் சொன்ன சோதனை இதற்கு உதவியது. டானிக் அமிலம் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் வெண்சிதைவுப் பூஞ்சையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும், பழுப்புச் சிதைவுப் பூஞ்சையைச் சுற்றிப் பொதுவாகத் தோன்றாது. பக்ஷியின் இந்தியத் துளைக்காளான்கள் 1971இல் வெளிவந்தது. மரத்தையும் தடியையும் முன்வைத்து, இழைக்கட்டையும் வளர்ப்பையும் சேர்த்து எழுதிய அந்த நூல், இந்திய வனத்துறையினர் பலருக்கு நெடுங்காலம் முதல் துணை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகம் 1944 முதல் டி. எஸ். சதாசிவன் தலைமையில் பூஞ்சையியலில் பெயர் பெற்றது. ஆனால் அங்கே மண்ணின் நுண்பூஞ்சைகளுக்கே முதலிடம். நுண்பூஞ்சைகளைப் பற்றிய சி. வி. சுப்பிரமணியனின் 1971 நூலும் அந்த வழியில் வந்ததே. பெரிய காளான்கள் பக்கம் திரும்பியவர் கே. நடராஜன். தென்னிந்தியக் குடைக்காளான்களில் தொடங்கிய அவர், குழந்தைவேலுவுடன் சேர்ந்து 1998இல் தமிழ்நாட்டின் படர்காளான்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். மரப்பட்டையில் பூச்சுப்போல ஒட்டிக் கிடப்பவை இவை. தொப்பியும் இல்லை, தண்டும் இல்லை. நுண்ணோக்கி இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது. மலையின் மேற்குச் சரிவுக்குக் கேரளத்தின் லீலாவதியும் கணேஷும் 2000இல் எழுதிய கேரளத் துளைக்காளான்கள் நூலும், பீச்சி வன ஆய்வு நிறுவனத்தின் மோகனன் 2011இல் எழுதிய கேரளப் பெருங்காளான்கள் நூலும் இருக்கின்றன. குற்றாலத்தில் காளான் எடுப்பவர் இன்று கையில் வைத்திருக்க வேண்டியவை பெரும்பாலும் மறுசரிவின் புத்தகங்களே.

சுரண்டைப் பக்கத்து விவசாயிக்கு இந்த வரலாற்றில் நேரடியாகத் தெரிந்தது ஒரே மரக்காளான். 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பதிவானதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்ற தென்னை அடித்தண்டழுகல். அடிமரத்தில் வெடிப்பு விழுந்து செம்பழுப்புச் சாறு வடியும், வெளி மட்டைகள் தொங்கும், குரும்பை கொட்டும், வேர் அழுகும். கடைசியில், சில நேரம் மரம் சாயும் தறுவாயில், அடியில் மெருகேற்றியதுபோல் பளபளக்கும் செம்பழுப்புக் காளான் வெளிப்படும். காளான் தெரியும்போது மரத்தைக் காப்பாற்றும் கட்டம் தாண்டியிருக்கும். அதனால்தான் வேளாண் துறையினர் சாறு வடியும் கட்டத்திலேயே பார்க்கச் சொல்கிறார்கள். நோயுற்ற மரத்தைச் சுற்றிக் குழி வெட்டிப் பிரிப்பது, வேப்பம் பிண்ணாக்கு இடுவது, டிரைக்கோடெர்மா சேர்ப்பது, போர்டோக் கலவை ஊற்றுவது, வேர் வழியே மருந்து செலுத்துவது என்று அவர்கள் தரும் பரிந்துரைகள் எல்லாம் பரவலை நிறுத்துவதற்கே.

அந்தக் காளானின் பெயர்தான் பிரச்சினை. அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டு வேளாண் நூல்கள் அதைக் கானோடெர்மா லூசிடம் என்று எழுதின. அந்தப் பெயரின் மூலம், 1781இல் வில்லியம் கர்ட்டிஸ் லண்டன் பக்கத்து பெக்கமில் கண்டு போலீட்டஸ் லூசிடஸ் என்று விவரித்த காளான். கானோடெர்மா என்ற பேரினத்தைப் பின்லாந்தின் கார்ஸ்டன் 1881இல் அமைத்தபோது, அதன் மூல இனமாக நின்றதும் இதுவே. மெருகேறிய தோல் உள்ள எல்லாக் காளானுக்கும் உலகெங்கும் அந்த ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. சீன மருத்துவத்தின் லிங்ஸி காளானும் அதில் அடக்கம். 2012இல் சீன ஆய்வாளர்கள் லிங்ஸியைத் தனி இனமாகப் பிரித்துக் கானோடெர்மா லிங்ஸி என்று பெயரிட்டனர். ஐரோப்பியக் குளிர்நாட்டு இனம் வேறு, ஆசிய வெப்பமண்டலத்துப் பனை, தென்னைகளைத் தாக்கும் இனங்கள் வேறு என்பது மரபணு ஒப்பீடுகளால் உறுதியாகியுள்ளது. தென்னந்தோப்பில் பரிந்துரைக்கப்படும் மருந்து இதனால் உடனே மாறப்போவதில்லை. ஆனால் எந்த இனம் எந்த மரத்திலிருந்து எதற்குப் பரவும், எந்த எதிர்ப்பூஞ்சை எதை அடக்கும் என்று சோதிப்பவருக்குப் பெயர் தவறானால் ஒப்பிடும் முடிவுகள் எல்லாம் தவறும்.

மரபணு வழி இனங்காண்பதற்கு அடித்தளம் 1990இல் வந்தது. டாம் வைட்டும் மூன்று சக ஆய்வாளர்களும் பூஞ்சைகளின் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பெருக்கும் வழியை வெளியிட்டனர். 2012இல் அந்தப் பகுதியே பூஞ்சைகளின் அதிகாரபூர்வப் பட்டைக்குறியாக முன்மொழியப்பட்டது. இனங்காணும் வேலை இதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பது அவசரம். ஒரு காளானின் டிஎன்ஏ வரிசையைப் பொதுத் தரவகத்தில் தேடினால், முன்னர் யாரோ தவறான பெயரோடு சேர்த்த வரிசையே முதலில் வந்து நிற்கக்கூடும். பெயர் வைத்தவரின் பிழை புதிய வடிவில் தொடரும். ஐடிஎஸ் மட்டும் பிரிக்க முடியாத நெருங்கிய இனங்களுக்கு வேறு மரபணுக்களும் தேவை. ஆகவே இன்று ஒரு மரக்காளானை முறையாக இனங்காண வேண்டுமானால், பழைய படிகள் எதையும் விட முடியாது. வனத்துறை அனுமதி பெற்று, எந்த மரம், உயிருள்ளதா விழுந்ததா, சிதைவு வெள்ளையா பழுப்பா என்று அங்கேயே குறிப்பார்கள். புதிதாக இருக்கும்போதே நிறத்தைப் படமெடுப்பார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். பழுப்பு வேர்ப் பூஞ்சையின் குடும்பத்தில் திசு கருக்கும். காகிதத்தில் வைத்து வித்துத்தூள் இறக்கி, மெல்சர் கரைசலில் வித்துச் சுவர் நிறம் மாறுகிறதா என்று நோக்குவார்கள். துளைகளை மில்லிமீட்டர் கணக்கில் எண்ணி, கார்னர் வழியில் இழைகளைப் பிரிப்பார்கள். ஒரு சிறு துண்டைச் சிலிக்கா ஜெல்லில் போட்டு மரபணு ஆய்வுக்கு வைத்த பின்னரே மீதி, வெயிலில் அல்ல, மிதமான சூட்டில் உலர்த்தப்படும்.

அது புதிய இனம் என்று தெரிந்தால் விதிகள் இன்னும் உண்டு. 2012 முதல் விவரணை லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆங்கிலத்திலும் இருக்கலாம். 2013 முதல் பூஞ்சைப் பெயர்கள் அங்கீகரிக்கப்பட்ட பதிவகத்தில் பதிவு எண் பெற்றாக வேண்டும். இந்தியாவுக்குள் இன்னொரு கட்டாயமும் சேர்ந்தது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதிதாகக் கண்டறியப்படும் எந்த உயிரினத்தின் மாதிரியும் அரசு அறிவித்த இந்தியக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்பட வேண்டும். டெல்லியின் வேளாண் ஆய்வு நிறுவனமும், புனே அகர்கர் நிறுவனத்தின் தேசியப் பூஞ்சை வளர்ப்புத் தொகுப்பும் பூஞ்சைகளுக்கு அத்தகைய இடங்கள். குற்றாலக் காட்டின் ஒரு சுள்ளிக் காளான் புதுப் பெயர் பெற்றால், அந்தப் பெயருக்கு ஆதாரமான மூலத் துண்டு இனி நாட்டுக்குள்ளேயே இருக்கும்.